வாடகையை முடிவு செய்வது யார்? மென்பொருள் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் ஓர் அடுக்குமாடி வளாகத்தில் குடியிருக்கிறேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போனால், “வாடகையைக் கணினிதான் சொல்கிறது, எங்கள் கையில் ஒன்றுமில்லை” என்று மேலாளர் கையை விரிக்கிறார். உண்மைதானா?

பாதிதான் உண்மை. பெரிய நிர்வாக நிறுவனங்கள் பலவும், டெக்சஸைச் சேர்ந்த ரியல்பேஜ் போன்றவை விற்கும் ‘வருவாய் மேலாண்மை’ மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. எந்த வீடு எப்போது காலியாகும், எந்த மாதத்தில் எத்தனை ஒப்பந்தங்கள் முடிகின்றன, சுற்றியுள்ள வளாகங்களில் உண்மையில் கையெழுத்தான வாடகை எவ்வளவு என்பவற்றையெல்லாம் கணக்கிலெடுத்து, அது நாள்தோறும் வீட்டுக்கு ஒரு தொகையைப் பரிந்துரைக்கிறது. ரியல்பேஜ் மீது அமெரிக்க நீதித் துறை தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டின்படி, மேலாளர் அந்தத் தொகையை ஏற்பது எளிது. மறுப்பதென்றால் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தை மென்பொருள் நிறுவனத்தின் விலை ஆலோசகர் துருவிக் கேட்கவும் கூடும். பரிந்துரை தானாகவே ஏற்கப்படும்படி அமைத்துவிடும் வசதியும் உண்டு. ஆகவே மேலாளரின் கை கட்டப்படவில்லை, ஆனால் கையை அசைக்காமலிருப்பதே அவருக்கு வசதியாக ஆக்கப்பட்டிருக்கிறது. முன்பெல்லாம் ‘மேலிடத்து உத்தரவு’ என்று சொல்லித் தப்பித்தவர்களின் இடத்தில் இப்போது கணினி உட்கார்ந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: பக்கத்துக் கட்டடத்தின் வாடகையைப் பார்த்துத் தன் வாடகையை வைப்பது காலங்காலமாக நடப்பதுதானே? இதில் சட்டமீறல் எங்கே வந்தது?

விளம்பரத்தைப் பார்த்து விலை வைப்பதில் மீறல் எதுவும் இல்லை. 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் தடுப்பது, போட்டியாளர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு போட்டியைக் கட்டுப்படுத்துவதை. ஓர் ஊரின் வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் தத்தம் வாடகைக் கணக்கை உறையிலிட்டு ஒரே தரகரிடம் கொடுத்து, அவர் அத்தனை உறைகளையும் பிரித்துப் பார்த்துவிட்டு ஒவ்வொருவரிடமும் “நீங்கள் இவ்வளவு கேளுங்கள்” என்று சொன்னால், அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை என்ற வாதம் எடுபடாது. தரகரின் இடத்தில் மென்பொருளை வைத்தால் அவர்கள் செய்த காரியம் மாறிவிடுகிறதா என்பதே வழக்கின் கரு.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். மூன்றாம் தரப்பு ஒன்று திரட்டும் தகவல், மூன்று மாதங்களுக்கு மேல் பழையதாகவும், குறைந்தது ஐந்து பேரிடமிருந்து வந்து, எவருடைய பங்கும் 25 சதவீதத்தைத் தாண்டாமலும், யாருடையது என்று பிரித்தறிய முடியாததாகவும் இருந்தால், அத்தகைய பரிமாற்றத்தை எதிர்த்துப் பொதுவாக வழக்குத் தொடுப்பதில்லை என்று அமெரிக்க அதிகாரிகள் முன்பு சுகாதாரத் துறைக்காக வகுத்திருந்த வழிகாட்டுதலை, பிற துறைகளும் தங்களுக்கான பாதுகாப்பாகக் கருதி வந்தன. மூன்று மாதம் பழைய தகவலிலிருந்தும் இன்றைய விலையை ஊகித்துவிடக் கணினிக்கு முடியும் என்ற நிலை வந்ததும், நீதித் துறை 2023இல் அந்த வழிகாட்டுதலைத் திரும்பப் பெற்றது. பலர் கவனிக்காமல் விட்ட இந்த முடிவுதான் பின்னால் வந்த வழக்குகளுக்கு வழிவிட்டது என்பது என் கணிப்பு.

நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரியல்பேஜ் மீதான குடியிருப்போரின் கூட்டு வழக்கில், டென்னசி கூட்டாட்சி நீதிபதி 2023 டிசம்பரில் வழக்கு தொடர அனுமதித்தார். ஆனால் இது பார்த்தவுடனேயே சட்டவிரோதம் என்று ஒதுக்கத்தக்கதல்ல என்றும், சந்தையில் ஏற்பட்ட விளைவை எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும் என்றும் கூறினார். யார்டி என்ற இன்னொரு நிறுவனத்தின் மீதான வழக்கிலோ, வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2024 டிசம்பரில், பார்த்தவுடனேயே சட்டவிரோதம் என்ற கடுமையான அளவுகோலையே எடுத்துக்கொண்டது. லாஸ் வேகாஸ் ஹோட்டல்கள் குறித்த வழக்கில், போட்டியாளர்களின் இரகசியத் தகவல் ஒன்றாகக் கலக்கப்படவில்லை என்பதால், ஒரே மென்பொருளைப் பலர் வாங்கியது மட்டும் குற்றமாகாது என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அது சரியான கோடு என்று நான் நினைக்கிறேன். கணக்குப் போடும் இயந்திரத்தை விட்டுவிட்டு, அதற்குள் யாருடைய தகவல் போகிறது என்று கேட்பதே முறை.

கேள்வி: அரசு தொடுத்த வழக்கு என்ன ஆயிற்று?

2024 ஆகஸ்டில் நீதித் துறையும் எட்டு மாநிலங்களும் வட கரோலினாவில் வழக்குத் தொடுத்தன. 2025 ஜனவரியில் கிரேஸ்டார் உட்பட ஆறு பெரிய குடியிருப்பு நிறுவனங்களும் அதில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் ரியல்பேஜும் நீதித் துறையும் ஒரு சமரச ஏற்பாட்டை நீதிமன்றத்தின் முன் வைத்தன. அபராதம் இல்லை, தவறு செய்ததாக ஒப்புதலும் இல்லை. போட்டியாளரின் வெளியிடப்படாத தகவலைக் கணிப்பு மாதிரியைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்த வேண்டுமானால், அது குறைந்தது 12 மாதங்கள் பழையதாக இருக்க வேண்டும். வாடகை இறங்குவதைத் தடுக்கும் அம்சங்கள் நீக்கப்படவோ மாற்றப்படவோ வேண்டும். கண்காணிப்பாளர் ஒருவரும் இருப்பார். மூன்று மாதம் பன்னிரண்டு மாதமாகியிருப்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: எந்த இடங்களில் இதற்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது?

நகரங்களில் முதலில் முந்திக்கொண்டது சான் பிரான்சிஸ்கோ, 2024இல். பிறகு பிலடெல்பியா, மினியாபொலிஸ் போன்றவை வந்தன. மாநிலங்களில் முதலாவது நியூயார்க். ஆளுநர் ஹோக்குல் 2025 அக்டோபரில் கையெழுத்திட்ட அச்சட்டத்தை எதிர்த்து, பேச்சுரிமையைக் காரணம் காட்டி ரியல்பேஜ் வழக்குத் தொடுத்தது. பொதுவில் கிடைக்கும் தகவலையும் தொட்டுவிடும் அளவுக்குத் தடை அகலமாக இருப்பதால், அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கலிபோர்னியாவின் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது வாடகையை மட்டுமின்றி, போட்டியாளர்கள் பலரும் சேர்ந்து பயன்படுத்தும் விலை மென்பொருள் அனைத்தையும் குறிவைக்கிறது. கொலராடோவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் போலிஸ் 2025இல் நிராகரித்துவிட்டார்.

கேள்வி: என்னிடம் நான்கு வீடுகளே உள்ளன. இணையதளம் காட்டும் உத்தேச வாடகையைப் பார்ப்பது தவறா?

பொது விளம்பரங்களிலிருந்து எடுத்த உத்தேசம் என்றால் பெரும்பாலான இடங்களில் கவலை வேண்டாம். உங்கள் ஒப்பந்த விவரங்களைப் பதிவேற்றச் சொல்லி, மற்றவர்களின் விவரங்களோடு கலந்து தொகை சொல்லும் சேவை என்றால் சற்று நில்லுங்கள். நியூயார்க்கில் இருந்தால், கையொப்பமிடுமுன் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: இவற்றால் என் வாடகை குறையுமா?

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இத்தகைய மென்பொருள் உள்ள வீடுகளில் இதனால் ஏறியது சராசரியாக மாதம் 70 டாலர். வீடுகளின் பற்றாக்குறை தனிக் கதை, அதை எந்தப் போட்டிச் சட்டமும் தீர்க்காது. கூட்டு வழக்கில் 2025இல் எட்டப்பட்ட சமரசங்களில் 14 கோடி டாலருக்கு மேல் தர நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருந்தாலும், அது ஏராளமானோருக்குப் பிரியும் தொகை. இப்போதைக்கு உங்கள் வளாகத்தில் எத்தனை வீடுகள் காலியாக உள்ளன, புதிதாக வருவோருக்கு ஒரு மாத வாடகை விலக்கு தரப்படுகிறதா என்று விசாரித்துக்கொண்டு, அதைக் குறிப்பிட்டு எழுத்துபூர்வமாகக் குறைப்புக் கேளுங்கள். பரிந்துரையை மாற்றும் பொத்தான் அந்த மேலாளரின் திரையிலேயேதான் இருக்கிறது.