நகையை அடகு வைக்கும் முன்: பிஎம்பி விண்ணப்பம் குறித்துக் கீழக்கரைத் தாய் ஒருவருக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட நகையை அடகு வைக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மகன் கத்தாரிலிருந்து விடுப்பில் வந்திருக்கும்போதே, திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ்த் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட நினைப்பதில் தவறே இல்லை. வளைகுடாவின் கட்டுமான நிறுவனங்கள் திட்ட மேலாளர் வேலைக்கு ஆள் தேடும்போது இந்தச் சான்றிதழை அடிக்கடி கேட்கின்றன. ‘விண்ணப்பத்தை நாங்களே நிரப்பித் தருகிறோம், பாஸ் உத்தரவாதம்’ என்று பயிற்சி மையத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு நெருடுகிறது.

இந்தத் தேர்வை நடத்துவது பிஎம்ஐ என்ற அமெரிக்க அமைப்பு. 1969-இல் தொடங்கப்பட்டது, 1984 முதல் இந்தச் சான்றிதழை வழங்கி வருகிறது. தேர்ச்சிக்கு எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதை அவர்கள் வெளியிடுவதே இல்லை. வெளியே தெரியாத ஓர் எல்லைக்கோட்டை மகன் தாண்டிவிடுவான் என்று யார் உத்தரவாதம் தர முடியும்?

இனி விண்ணப்பம். பி.இ. போன்ற நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள் திட்டங்களை முன்னின்று நடத்திய 36 மாத அனுபவத்தைக் காட்ட வேண்டும். உங்கள் மகன் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்தவர். அவருக்கு 60 மாதங்கள். அதோடு 35 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சியும் தேவை. எத்தனை ஆண்டுகளுக்கு முந்தைய வேலை வரை கணக்கில் வரும் என்று ஒரு வரம்பும் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்தே ஆறரை ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதால் அந்தக் கவலை இல்லை.

ஆறரை ஆண்டு என்றால் 78 மாதம், 60-ஐத் தாண்டிவிட்டதே என்று நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைக்கிறார். திட்டத்தில் செலவிட்ட மாதங்கள் மட்டுமே கணக்கு; அன்றாட வேலை சேராது. பாம்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் அடிக்கல் நாட்டி, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்து வைத்தார்களே, அந்தப் புதிய ரயில் பாலத்தைக் கட்டியது ஒரு திட்டம். அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. முடிந்ததும் கையில் ஒரு பாலம் நிற்கிறது. அதன்மேல் தினமும் ரயில் ஓட்டுவதும், கப்பல் வரும்போது 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதியை உயர்த்தி இறக்குவதும் எவ்வளவு பொறுப்பான பணி என்றாலும், பிஎம்ஐ பார்வையில் அன்றாட இயக்கம். கத்தாரில் மகன் ஓராண்டு ஒரு குடியிருப்பு வளாகத்தின் பராமரிப்புப் பிரிவில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 12 மாதங்களைக் கழித்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சர்வேயருக்கு உதவியாக அளவுகோல் பிடித்த ஆறு மாதங்களும் போகும். அப்போது அவர் எதையும் முன்னின்று நடத்தவில்லை. ஆக, 60.

சரியாக வந்துவிட்டதே என்று மகிழ்வதற்குள் இன்னொன்று இருக்கிறது. ஒரே காலத்தில் இரண்டு வேலைகளைப் பார்த்திருந்தால் மாதங்களை இரட்டிப்பாக எண்ணக் கூடாது. ஜனவரி முதல் ஜூன் வரை ஒன்று, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மற்றொன்று என்றால் மொத்தம் 9 மாதங்கள்தான், 12 ஆகாது. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சும்மா இருந்த இடைவெளியும் சேராது. ஆகவே அவர் ஒரு தாளில் மாதவாரியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் திட்டம் என்று எழுதட்டும். காலிக் கட்டங்கள் கண்ணில் படும். என் ஊகம், 50-க்கும் 55-க்கும் இடையில் நிற்பார்.

அடுத்து, ஒவ்வொரு திட்டத்தையும் பற்றிச் சுருக்கமாக எழுத வேண்டும். நோக்கம் என்ன, இவருடைய பங்கு என்ன, என்ன செய்தார், முடிவு என்ன ஆயிற்று. மகன் அனுப்பிய வரைவில் முதல் திட்டம் இப்படி இருக்கிறது: ‘மீன் ஏலக்கூடம் கட்டும் சைட்டில் எல்லா வேலைகளையும் பார்த்தேன்.’ இதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. தொலைபேசியில் கேட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது. அங்கே கிணற்று நீர் உப்பு, கான்கிரீட்டுக்கு ஆகாது. நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் கூரைத் தளத்தைப் போட்டாக வேண்டும் என்று நாள் குறித்து, லாரிக்காரரிடம் முன்கூட்டியே பேசி, கம்பி கட்டும் ஆள்களை இரண்டு குழுவாகப் பிரித்து, தாமதமானால் எவ்வளவு கூடுதல் செலவாகும் என்று ஒப்பந்தக்காரரிடம் கணக்குக் காட்டியிருக்கிறார். தூணுக்கான கம்பி கடற்காற்றில் துருப்பிடித்து வந்தபோது திருப்பி அனுப்பியதும் அவர்தான். திட்டமிடல், செலவு, ஆள் நிர்வாகம், இடர், தரம் எல்லாமே இதற்குள் இருக்கின்றன. இதை எழுதச் சொல்லுங்கள். பயிற்சி மையத்துக்காரருக்கு உப்புக் கிணறு தெரியுமா? அவர் எல்லோருக்கும் ஒரே பத்தியை ஒட்டுவார்.

அப்படி ஒட்டினால் என்ன கெட்டுவிடும் என்று மகன் கேட்கக்கூடும். விண்ணப்பங்களில் சிலவற்றைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். யாருடையது மாட்டும் என்று முன்கூட்டித் தெரியாது. மாட்டினால் டிப்ளமோ சான்று, பயிற்சிச் சான்று ஆகியவற்றோடு, ஒவ்வொரு திட்டத்திலும் இவருக்கு மேலே இருந்தவர் ‘ஆம், இவர் செய்தார்’ என்று உறுதிசெய்ய வேண்டும். 90 நாள் அவகாசம் தருவார்கள். செய்யாத வேலைக்கு யார் கையெழுத்துப் போடுவார்? செய்த வேலைக்கே ஆளைப் பிடிப்பது கடினம். ஏலக்கூடம் கட்டிய ஒப்பந்தக்காரர் இப்போது எங்கே இருக்கிறார், அவர் மின்னஞ்சல் பார்ப்பாரா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் இருக்கும்போதே நேரில் போய்ப் பார்த்து, எழுதியதைப் படித்துக் காட்டி வரட்டும். கத்தாருக்குப் போன பிறகு இந்த வேலை நடக்காது.

பெயர் விஷயம் நம் பக்கத்துக்கே உரிய தலைவலி. டிப்ளமோவில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரை விரித்து எழுதிய இன்னொரு பெயர். தேர்வு நாளில் காட்டும் அடையாள அட்டையில் இருப்பதும் பிஎம்ஐ கணக்கில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கணக்கைத் தொடங்கட்டும்.

அந்த 35 மணி நேரப் பயிற்சிக்கு ஊரூராக அலைய வேண்டியதில்லை. இறுதியில் மதிப்பீட்டுத் தேர்வும் சான்றும் உள்ள இணையவழி வகுப்பே போதும். மையத்தில் கேட்கும் தொகையில் சிறு பங்குதான் ஆகும். தானாகப் புத்தகம் படித்த நேரத்தை மட்டும் சேர்க்க மாட்டார்கள். தேர்வுக் கட்டணம் பிஎம்ஐ உறுப்பினர்களுக்குக் குறைவு என்பதால், உறுப்பினராகச் சேர்ந்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. 2021-இல் மாற்றியமைத்த வடிவத்தில் 180 கேள்விகள், 230 நிமிடங்கள் என்று இருந்தது. பாடத்திட்டத்தை அவ்வப்போது மாற்றுவார்கள். நண்பர் தந்த பழைய நோட்டை நம்பாமல், பிஎம்ஐ தளத்தில் உள்ள கையேட்டைப் பதிவிறக்கிப் படிக்க வேண்டும். தமிழில் தேர்வு கிடையாது. விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின் ஓராண்டுக்குள் மூன்று முறை வரை எழுதலாம். வீட்டிலிருந்தும் எழுதலாம் என்கிறார்கள். நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மையத்துக்குப் போய் எழுதுவதே நல்லது. தோஹாவிலேயே எழுதிவிடலாம்.

மாதங்கள் குறைந்தால் என்ன செய்வது? அனுபவம் கேட்காத சிஏபிஎம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. 23 மணி நேரப் பயிற்சி போதும். படித்து முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்வேன். உங்கள் மகனுக்கு வேண்டாம். இன்னும் சில மாதங்களில் அவரே 60-ஐ எட்டிவிடுவார். அதற்குள் இன்னொரு தேர்வுக்குப் பணம் கட்டுவது வீண்.

எனவே இந்த விடுப்பில் மூன்றே வேலைகள்: மாதக் கட்டம், ஒப்பந்தக்காரரைப் பார்ப்பது, இணையவழி வகுப்பைத் தொடங்குவது. தளத்தில் விண்ணப்பத்தைத் திறந்தால் 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்பதால் அதை இப்போது திறக்க வேண்டாம். மாதக் கட்டத்தைப் படமெடுத்து அவரையே எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த மாதத்தில் விண்ணப்பிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.