ஜப்பானியக் கடிதப் பாட்டுகள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: அக்கா, எனக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. கடிதப் பாட்டு என்றால் முதலில் எதைக் கேட்கலாம்?

பதில்: ஏஞ்சலா அகியின் ‘தெகாமி’. தெகாமி என்றாலே கடிதம்தான். ‘ஹைக்கெய், பதினைந்து வயது உனக்கு’ என்று தலைப்புக்கு ஒரு வாலும் உண்டு. 2008இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே நடத்தும் பள்ளி இசைப் போட்டியின் நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்காக எழுதியது. பதின்ம வயதில் எதிர்காலத் தனக்கே அவர் எழுதிவைத்த கடிதத்தை, 30ஆவது பிறந்தநாளுக்கு அவருடைய அம்மா அனுப்பிவைத்தாராம். பாட்டு பிறந்தது அப்படித்தான்.

முதலில் பதினைந்து வயதுப் பிள்ளை எழுதுகிறது: யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடமாவது சொல்கிறேன் என்று. அப்புறம் வளர்ந்துவிட்ட அதே ஆள் பதில் எழுதுகிறார். ‘பெரியவளானதும் எல்லாம் சரியாகிவிட்டது’ என்று அவர் பொய் சொல்வதில்லை. எனக்கும் காயம் படுகிறது, தூக்கம் வராத இரவுகள் இருக்கின்றன என்கிறார். பள்ளி நிறைவு விழாக்களில் பிள்ளைகள் இதைச் சேர்ந்து பாடும்போது பெற்றோர்தான் முதலில் கண்ணைத் துடைக்கிறார்கள்.

கேள்வி: அந்த ‘ஹைக்கெய்’ என்ன?

பதில்: ‘வணங்கி எழுதுகிறேன்’ என்ற பொருளில் கடிதத்தின் தலையில் வரும் சொல். நம் ‘நலம், நலமறிய ஆவல்’ போல ஒரு சடங்கு. ‘கெய்கு’ என்று போட்டு முடிப்பார்கள்.

கேள்வி: காதல் கடிதப் பாட்டு ஒன்று சொல்லுங்கள் மேடம். அழவைக்காததாக!

பதில்: அழவைக்காததா? கஷ்டம். ஆனால் மெட்டு துள்ளலாக இருக்கும் ஒன்று உண்டு. ஓட்டா ஹிரோமி பாடிய ‘பருத்திக் கைக்குட்டை’, 1975 டிசம்பரில் வந்தது. வரிகள் மட்சுமோட்டோ தகாஷி, இசை சுட்சுமி கியோஹெய்.

பையன் ரயிலேறி நகரத்துக்குப் போகிறான், பெண் ஊரில் இருக்கிறாள். நான்கு சரணம். ஒவ்வொன்றிலும் முன்பாதி அவன், பின்பாதி அவள். உனக்கு ஏற்ற பரிசு தேடுகிறேன் என்கிறான். எனக்கு எதுவும் வேண்டாம், நகரத்துச் சாயம் ஒட்டாமல் திரும்பி வா என்கிறாள். மோதிரம் அனுப்புகிறான், அதிலும் அவள் மயங்கவில்லை. கோட்டு சூட்டோடு படம் அனுப்புகிறான். புல்லில் படுத்துக் கிடந்த உன்னைத்தான் பிடித்திருந்தது, ஆனாலும் கட்டடங்களுக்கு நடுவே குளிர்காற்று அடிக்கும், உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறாள். கடைசியில் அவன், மன்னித்துவிடு, என்னால் திரும்ப முடியாது என்கிறான். அதுவரை எதையும் கேட்காதவள் முதல்முறையாக ஒரு பரிசு கேட்கிறாள்: கண்ணீர் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டை.

‘கடிதம்’ என்ற சொல்லே பாட்டில் வராது. பாடுவதும் ஒரே குரல். அவன் தன்னை ‘போக்கு’ என்கிறான், அவள் ‘வத்தாஷி’ என்கிறாள். அதை வைத்துத்தான் யார் பேசுவது என்று பிடிபடும். இரண்டுக்கும் தமிழில் ‘நான்’தான். மொழிபெயர்க்க உட்காருபவர்கள் இங்கேதான் திணறுவார்கள்.

கேள்வி: ஒரு பாட்டு நீதிமன்றம் வரை போனதாமே? அதிலும் கடிதம் வருமா?

பதில்: சாடா மசாஷியின் ‘சுகுனாய்’, அதாவது பிராயச்சித்தம். 1982இல் வந்தது. மழை இரவில் வண்டி ஓட்டிய இளைஞன் ஒருவன் ஒரு மனிதரை இடித்துக் கொன்றுவிடுகிறான். அன்றிலிருந்து மாதாமாதம் சம்பளம் வாங்கியதும் தபால் நிலையத்துக்கு ஓடி, இறந்தவரின் மனைவிக்குப் பணம் அனுப்புகிறான். ஏழாவது வருஷம் முதல்முறையாக அவரிடமிருந்து கடிதம் வருகிறது. உங்கள் நல்ல மனசு புரிகிறது, ஆனால் தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள், உங்கள் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் கணவர் நினைவு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று.

அந்தக் கையெழுத்து விஷயம்தான் என்னை உலுக்கியது. அவன் அனுப்பியது பணம். அவர் ஏழு வருஷமாக வாசித்தது உறைமேல் இருந்த எழுத்தை.

2002இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில், இரு இளைஞர்கள் தாக்கி ஒருவர் இறந்துபோன வழக்கில் தீர்ப்புச் சொன்ன நீதிபதி, இந்தப் பாட்டைக் கேட்டதுண்டா என்று அவர்களிடம் கேட்டார். வரிகளையாவது படித்துப் பாருங்கள், உங்கள் மன்னிப்பு ஏன் யார் மனதையும் தொடவில்லை என்று புரியும் என்றார்.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. ஏதாவது சிரிப்பாக?

பதில்: ‘ஆட்டுத் தபால்’! வரிகள் மாடோ மிச்சியோ, இசை டான் இக்குமா. வெள்ளாடு கடிதம் போடுகிறது. கறுப்பாடு படிக்காமலேயே தின்றுவிடுகிறது. சரி, வேறு வழியில்லை, ‘முந்தின கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய்?’ என்று கேட்டு ஒரு கடிதம் போடுகிறது. அதை வெள்ளாடு தின்கிறது. அதுவும் அதே கேள்வியை எழுதுகிறது. பாட்டை எங்கே நிறுத்துவது என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

கேள்வி: வாட்ஸ்அப் காலத்தில் யாராவது புதிதாகக் கடிதப் பாட்டு போடுகிறார்களா?

பதில்: யோவாசோபி என்ற இசை இரட்டையரின் ‘லவ் லெட்டர்’, 2021. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ‘இசைக்கு’ என்று முகவரியிட்டு எழுதிய கடிதத்திலிருந்து வந்தது.

கேள்வி: அம்மா எழுதும் கடிதம்?

பதில்: குபோட்டா சத்தோஷியின் ‘அம்மாவின் பாட்டு’, 1950களில் வந்தது. அம்மா ராத்திரியெல்லாம் கண்விழித்துக் கையுறை பின்னுகிறாள், வாடைக்காற்றில் பிள்ளைக்குக் கை விறைக்குமே என்று. ஊரிலிருந்து கடிதம் வந்து சேர்கிறது. பிரித்தால் வீட்டு அடுப்பின் வாசனை.