டிக்கெட் கையில், பாஸ்போர்ட் காலாவதி

(திருச்சியில் முப்பது வருடம் டிராவல்ஸ் நடத்தி, கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் நான். வாசகர்களின் பயணக் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாஸ்போர்ட்தான்.)

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூரில் இருக்கும் என் மகளுக்கு அடுத்த மாதம் 22-ம் தேதி பிரசவம் என்று நாள் குறித்திருக்கிறார்கள். நானும் என் வீட்டுக்காரரும் 15-ம் தேதி திருச்சியிலிருந்து கிளம்ப டிக்கெட் போட்டாகிவிட்டது. விசாவுக்காக பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், அவருடையது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. என்னுடையதில் இன்னும் நான்கு மாதம் பாக்கி. இன்று தேதி 20. என்னுடையது போதும்தானே? அவருக்குத் தட்கலில் எத்தனை நாளில் வரும்? தெரிந்த ஒருவர், 9,000 ரூபாய் கொடுத்தால் மூன்று நாளில் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் பேரக்குழந்தையே பிறந்துவிடும் என்பதால், கடிதம் வந்த அன்றே உங்களிடம் போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்களுடையது. போதாது. சிங்கப்பூருக்குள் நுழைய, பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். மலேசியா, தாய்லாந்து, துபாய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் வேறு மாதிரி: அங்கிருந்து திரும்பும் தேதிக்கு அப்புறம் மூன்று மாதம் இருந்தால் போதும், ஆனால் பாஸ்போர்ட் வாங்கிப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. ஆக, காலாவதி ஆனது உங்கள் வீட்டில் ஒன்று. புதுப்பிக்க வேண்டியது இரண்டு.

இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயே கிடையாது. 2014-ல் கோலாலம்பூர் போக நானே திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "சார், இதுல அஞ்சு மாசம்தானே இருக்கு?" எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் நாலு பேர் என் கடையில் டிக்கெட் வாங்கியவர்கள். அவர்கள் கையில் இருந்த டிக்கெட் உறையில், 'பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுத்ததும் நானேதான். அவர்கள் எல்லாரும் விமானம் ஏறினார்கள். நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

சரி, தட்கலுக்கு வருவோம். 'தட்கல் என்றால் மூன்று நாள்' என்று ஊரில் சொல்வது பாதிதான் உண்மை. பாஸ்போர்ட் சேவை மையத்தில் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகுதான் அந்தக் கணக்கே ஆரம்பம். போலீஸ் விசாரணை தேவையில்லை என்று அதிகாரி முடிவு செய்தால், அந்த நாளை விட்டுவிட்டு அடுத்த வேலை நாளில் பாஸ்போர்ட் தபாலில் கிளம்பும். விசாரணை தேவை, ஆனால் பாஸ்போர்ட் கொடுத்த பின் நடக்கலாம் என்றால் மூன்றாவது வேலை நாள். நாள் தின்பது இதற்கு முந்தைய படி, அதாவது மையத்துக்குப் போக அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது. கோடை விடுமுறைக்கு முன்னால் அது குதிரைக் கொம்பு.

உங்களுக்குத் தஞ்சாவூர் மையம் பக்கம், திருச்சியும் தூரமில்லை. இரண்டிலும் தேதி தள்ளிப் போனால் மதுரை, சென்னை என்று பாருங்கள். 2018 ஜூன் முதல் நாட்டின் எந்த ஊர் மையத்திலும் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் வருவதும் போலீஸ் விசாரிப்பதும் விண்ணப்பத்தில் நீங்கள் கொடுத்த முகவரியில்தான். எந்த மையத்தில் எப்போது இடம் இருக்கிறது என்பதை அரசின் பாஸ்போர்ட் இணையதளத்திலேயே பார்க்கலாம். காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். யாராவது ரத்து செய்தால் இடம் திரும்ப வரும்.

அந்த 9,000 ரூபாய் ஆளைப் பற்றி. பெரியவர்களுக்கு 36 பக்க பாஸ்போர்ட்டின் கட்டணம் 1,500 ரூபாய். தட்கலுக்குக் கூடுதலாக 2,000. மொத்தம் 3,500. அப்பாயின்ட்மென்ட் போடும்போது 1,500-ஐ ஆன்லைனில் கட்டுவீர்கள். மிச்சம் 2,000, தட்கலில் தரலாம் என்று மையத்தில் முடிவான பிறகு. அதாவது தட்கல் கேட்டால் கிடைத்தே தீரும் என்றில்லை, கொடுப்பது அதிகாரியின் முடிவு. உங்கள் தெரிந்தவர் செய்யப்போவது, ஏதாவது பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதே விண்ணப்பத்தை நிரப்புவதுதான். இல்லாத இடத்தை அவரால் உண்டாக்க முடியாது, உள்ளே உங்களோடு வரவும் முடியாது. கம்ப்யூட்டர் பழக்கமில்லை என்றால் தட்டச்சு செய்துதர யாருக்காவது நூறு, இருநூறு கொடுங்கள், தப்பில்லை. ஒன்று மட்டும்: இணையதள முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். அசல் மாதிரியே தோற்றம் காட்டும் போலித் தளங்கள் நிறைய உண்டு.

இப்போது நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். அவசரத்தில் புதுப்பிக்கும்போது பெயரில் கை வைக்காதீர்கள். 'எப்படியும் புதுசு வாங்குகிறோம், அப்படியே இனிஷியலைச் சரிபண்ணிவிடலாம், வீட்டுக்காரர் பெயரையும் பின்னால் சேர்த்துவிடலாம்' என்று தோன்றும். என் அனுபவத்தில், தட்கலில் போய் மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இப்படித் திருத்தப் போனவர்கள்தான். பெயரில் பெரிய மாற்றம் இருந்தால் தட்கலே கிடையாது. பழைய பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே நிரப்புங்கள். திருத்த ஆசையிருந்தால் பேரனையோ பேத்தியையோ பார்த்துவிட்டு வந்து, சாதாரண முறையில் நிதானமாகச் செய்துகொள்ளலாம். முகவரி மட்டும் விதிவிலக்கு. வீடு மாறியிருந்தால் இப்போது குடியிருக்கும் முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். பழைய முகவரியைக் கொடுத்துவிட்டு போலீஸ் வந்து 'ஆள் இல்லை' என்று எழுதினால் அது வேறு தலைவலி.

விண்ணப்பத்தில் 'புதிது' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தவர்களுக்கு அது 'மறு வழங்கல்'தான். காரணம் கேட்கும் இடத்தில், காலம் முடிந்து மூன்று வருடத்துக்குள் அல்லது விரைவில் முடியப்போகிறது என்ற வரி உங்கள் இருவருக்குமே பொருந்தும். முடிவதற்கு ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கொண்டுபோக வேண்டியவை: பழைய பாஸ்போர்ட் ஒரிஜினல், அதன் முதல் இரண்டு பக்கம் கடைசி இரண்டு பக்கத்தின் ஜெராக்ஸ், உங்கள் கையெழுத்துடன். தட்கலுக்கு, அவர்கள் கொடுத்திருக்கும் பட்டியலிலிருந்து மூன்று ஆவணம். ஆதார், பான், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கி பாஸ்புக் எல்லாம் அதில் வரும். எந்த மூன்று என்பதில்தான் சூட்சுமம். வீட்டில் இருப்பதையெல்லாம் மேசையில் பரப்பி, பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகும் மூன்றை எடுங்கள். நம் ஊரில் ஒருவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், பான் கார்டில் அப்பா பெயரோடு இன்னொரு பெயர், வாக்காளர் அட்டையில் எழுத்துப்பிழையோடு மூன்றாவது பெயர் இருப்பது சகஜம். ஒத்துவராததைப் பையிலேயே வைத்திருங்கள்.

மையத்தில் பயப்பட ஒன்றுமில்லை. டோக்கன் தருவார்கள், ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர். ஏ-யில் போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, ஆவணங்களை ஸ்கேன் செய்வார்கள். பின்னணி வெள்ளை என்பதால் வெள்ளைச் சட்டை போடாமல் போகச் சொல்லுங்கள் உங்கள் வீட்டுக்காரரிடம். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சில பெண்களுக்கு ரேகை சரியாகப் பதியாது. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்கள், பதற வேண்டாம். விவரங்களைத் திரையில் காட்டும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அங்கே விட்ட பிழை பத்து வருடம் கூடவே வரும்.

பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்டில் வரும். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். அடையாள அட்டையுடன் ஆளே இருந்து வாங்க வேண்டும்.

ஒரு கணக்குக்கு: 27-ம் தேதி அப்பாயின்ட்மென்ட் என்றால், நடுவில் வரும் சனி ஞாயிறைக் கழித்து, அடுத்த மாதம் 5 வாக்கில் கைக்கு வந்துவிடும். சிங்கப்பூர் விசா புது பாஸ்போர்ட் எண்ணில்தான் வாங்க வேண்டும், அதற்கு நாலைந்து வேலை நாள் வையுங்கள். 12-க்குள் முடிந்துவிடும். இடிக்கும், ஆனால் முடியும். டிக்கெட்டை இப்போதே மாற்றிப் பணத்தை விடாதீர்கள். டிக்கெட்டில் பழைய பாஸ்போர்ட் எண் கொடுத்திருந்தால் விமான நிறுவனத்திடம் சொல்லிப் புது எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் இறங்கும் நாளையும் சேர்த்து, அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் அந்நாட்டின் வருகை அட்டையையும் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம்.

கேள்வி: எங்கள் இருவரின் பாஸ்போர்ட்டும் 2031 வரை இருக்கிறது. ஏழு வயது மகனுடையது போன மாதமே முடிந்துவிட்டதைக் கவனிக்கவில்லை. அவனுக்கும் தட்கல் உண்டா?
- வாசகர், தாம்பரம்

பதில்: உண்டு. உங்களைப் போலத் தன் தேதியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்த பெற்றோர்களை வருடத்துக்குப் பத்துப் பேராவது பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்குப் பத்து வருடம் கிடையாது, ஐந்துதான். கட்டணம் 1,000, தட்கலுக்கு மேலே 2,000. அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு 'டி' படிவமும், உங்கள் இருவரின் பாஸ்போர்ட்டும் ஜெராக்ஸும் வேண்டும். நான்கு வயதுக்குக் கீழே என்றால் போட்டோவும் கொண்டுபோக வேண்டும்; ஏழு வயதுக்கு அங்கேயே எடுப்பார்கள்.

கேள்வி: என் பழைய பாஸ்போர்ட்டில் 2029 வரை அமெரிக்க விசா இருக்கிறது. புதுப்பித்தால் விசா போய்விடுமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: போகாது. பழைய பாஸ்போர்ட்டின் ஓரத்தை வெட்டி ரத்து செய்து உங்களிடமே திருப்பித் தருவார்கள். விசா இருக்கிறது என்று கவுன்டரில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அந்தப் பக்கம் சேதமாகக் கூடாது. பயணத்தில் இரண்டையும் கொண்டுபோங்கள். விசாவைக் கிழித்துப் புதியதில் ஒட்டுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள், அப்படிச் செய்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்!

கேள்வி: எனக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். 'சர்நேம்' இடம் காலி. துபாய்க்குச் சுற்றுலா விசா கிடைக்காது என்கிறார்களே?
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் இந்த விதியைக் கொண்டுவந்தபோது என் கடை போன் ஓயவில்லை. குடும்பப் பெயர் என்று ஒன்றே இல்லாத நம் ஆட்களுக்குத்தானே அது முதலில் இடிக்கும். பின்னர் வந்த விளக்கத்தின்படி, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் விசா ஏஜென்டிடம் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்து, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பிறகு டிக்கெட் போடுங்கள். நிரந்தரமாகத் தீர்க்க வேண்டுமென்றால் பெயரை இரண்டாகப் பிரித்து மறு வழங்கல் கேட்க வேண்டும். பயணம் எதுவும் பக்கத்தில் இல்லாத மாதமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: இப்போது சிப் வைத்த இ-பாஸ்போர்ட் தருகிறார்களாமே. நல்லபடி இருக்கும் பழையதை மாற்ற வேண்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். சென்னையில் 2025 மார்ச்சில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அட்டையில் சின்னதாகத் தங்க நிறக் குறி இருக்கும். உங்களுடையது அதன் தேதி வரை செல்லும்.

கேள்வி: தட்கலில் பாஸ்போர்ட் வந்துவிட்டது, அடுத்த வாரம் பயணம். போலீஸ் விசாரணை இன்னும் வரவில்லை. நாங்கள் ஊரில் இல்லாதபோது வந்தால்?
- வாசகர், புதுக்கோட்டை

பதில்: கிளம்புவதற்கு முன் உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கு ஒரு நடை போய், விண்ணப்ப எண்ணைக் காட்டி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இருக்க மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் அப்போதே முடித்துத் தருவார்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லிவையுங்கள். திரும்பி வந்ததும் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து கடிதம் ஏதாவது வந்து கிடக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் மின் கட்டண ரசீதுகளுக்கு நடுவில் செருகிவைக்காமல் உடனே பதில் கொடுங்கள். சாதகமில்லாத அறிக்கை போய், நீங்களும் பதில் சொல்லாமல் இருந்தால், கொடுத்த பாஸ்போர்ட்டையே முடக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.