முதல் தடவை தப்பு செய்தவரை விசாரணையே இல்லாமல் விட அரசு வழக்கறிஞரால் முடியுமா?

அமெரிக்காவில் முடியும். சின்னத் திருட்டில் முதன்முறை மாட்டியவரிடம் கவுன்சலிங் போ, நஷ்டத்தைக் கட்டு என்று நிபந்தனை போட்டு, ஒழுங்காக முடித்தால் வழக்கைக் கைவிடுவார்கள். யாரைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் அரசு வழக்கறிஞர் கையில்தான். நம்மூரில் அப்படி இல்லை. குற்ற வழக்கை நடத்தும் முறையைச் சொல்லும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 360-வது பிரிவில் அவர் வழக்கை வாபஸ் வாங்கலாம், அதற்கும் நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரையும் கேட்க வேண்டும். சரி, ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடச் சொல்லும் 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம்? அது குற்றம் நிரூபணமான பிறகுதான். சென்னையில் ஒரு கோர்ட் வராண்டாவில், செல்போன் திருட்டு வழக்கில் சிக்கிய மகனின் காலேஜ் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி வாய்தாவுக்குக் காத்திருந்த ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு இப்படி ஒரு வழி கட்டாயம் வேண்டும், ஆனால் யாருக்குக் கிடைக்கும் என்பது ஒருவரின் மனசைப் பொறுத்ததாக இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும்.