பதில்: எருக்கம்பால் கண்ணில் பட்டு மங்கலாகத் தெரிகிறது

காலையில் எருக்கம்பூ பறிக்கும்போது பால் தெறித்தது, உடனே கழுவினேன், வலியே இல்லை, மாலையிலிருந்து புகைமூட்டமாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வலி இல்லாததை நம்பி இருந்துவிடாதீர்கள். எருக்கம்பாலுக்குக் கருவிழியை (கண்ணின் முன்பக்கம் உள்ள தெளிந்த படலம், கார்னியா) மரத்துப்போகச் செய்யும் தன்மை உண்டு. பாதிப்பு உள்ளே நடக்கும், உங்களுக்குத் தெரியாது.

பாலில் கலோட்ரோபின் போன்ற கார்டினோலைடுகள் என்ற நச்சுப்பொருள்கள் இருக்கின்றன. கருவிழியின் உள்பக்கம் ஒரே அடுக்காக உள்ள செல்கள்தான் சோடியம்-பொட்டாசியம் பம்ப் (செல்லுக்கு உள்ளும் வெளியும் உப்புகளை மாற்றும் புரதம்) மூலம் நீரை ஓயாமல் வெளியேற்றுகின்றன. கார்டினோலைடு அந்தப் பம்பையே முடக்குகிறது. நீர் தேங்கிக் கருவிழி வீங்குகிறது. பார்வை சில மணி நேரம் கழித்து மங்குவது அதனால்தான்.

இப்போது மறுபடி கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட்டு, இமைகளை விரலால் விலக்கி, சுத்தமான நீர் மெல்ல ஓடும்படி குறைந்தது 15 நிமிடம். கண்ணை நாலு பக்கமும் உருட்டுங்கள், இமைக்கு அடியில் பால் ஒட்டியிருக்கும். கசக்காதீர்கள். எண்ணெய், பன்னீர், வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

இன்றே கண் மருத்துவரிடம் போங்கள். "எருக்கம்பால்" என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள், சிகிச்சை அதைப் பொறுத்தது. வழக்கமாக ஸ்டீராய்டு சொட்டு கொடுப்பார்கள். அதை நீங்களாக வாங்கிப் போடக்கூடாது: கண் அழுத்தம் ஏறலாம், கிருமித்தொற்று இருந்தால் முற்றிவிடும். சிகிச்சை எடுத்தால் பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் பார்வை தெளிந்துவிடுகிறது.

காம்பை ஒடித்த கணமே பால் பீறிடும். அடுத்தமுறை கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்துப் பறியுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவும்வரை கண் பக்கம் கை போகவே கூடாது.