ஹீமோகுளோபின் 9: ரத்தம் எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு வயது 54. மூன்று மாதமாக மலத்தோடு ரத்தம் கலந்து வருகிறது. மூலம் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 9. வாயு, ஏப்பம், நாக்கில் வெள்ளைப் படிவும் உண்டு. டியூப் விட்டுப் பார்க்கப் பயம். ரத்தத்திலேயே குடல் புற்றுநோயின் டி.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் அமெரிக்காவில் வந்திருக்கிறது என்கிறான் மகன். அது போதுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. உங்கள் மகன் சொல்வது ‘ஷீல்டு’ டெஸ்ட்டாக இருக்கலாம். 2024 ஜூலையில் அங்கே அனுமதி கொடுத்தார்கள். ஆனால் யாருக்கு? 45 வயதோ அதற்கு மேலோ ஆன, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. ரத்தம் போகிறவருக்கு அல்ல.

கட்டியின் செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும், அதைத்தான் தேடுகிறார்கள். ஆய்வில் புற்றுநோய் இருந்த 100 பேரில் சுமார் 83 பேரைப் பிடித்தது. புற்றாக மாறக்கூடிய பெரிய பாலிப்களில் (குடலின் உள்சுவரில் வளரும் சதை முண்டுகள்) 13 சதவீதத்தைத்தான் காட்டியது. உங்களுக்கு ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள், எனக்கு அதுதான் பயம். ‘பாசிட்டிவ்’ வந்தாலும் அடுத்தது கொலோனோஸ்கோபிதான், அதாவது நீங்கள் பயப்படும் அந்த டியூப் சோதனைதான். அப்புறம் எதற்கு அந்தச் சுற்று?

வாயு, ஏப்பம், நாக்கு எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். என் கண்ணில் படுவது அந்த 9 மட்டும்தான். 54 வயது ஆணுக்கு ரத்தம் இவ்வளவு குறைந்தால், குடலில் எங்கோ கசிகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். மூல ரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பாக, மலம் கழித்த பிறகு சொட்டும். உங்களுக்கோ மலத்தோடு கலந்து வருகிறது. மூலமும் இருக்கலாம், கூடவே வேறொன்றும் இருக்கலாம். மூன்று மாதம் மருந்துக்கடைக்காரரை நம்பியிருக்கிறீர்கள், அவர் உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா?

கொலோனோஸ்கோபிக்கு மயக்க ஊசி போடுவார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பாலிப் தெரிந்தால் பெரும்பாலும் அங்கேயே வெட்டி எடுப்பார்கள். உண்மையில் கஷ்டம் முந்தைய இரவுதான்: குடலைச் சுத்தமாக்கப் பொடி கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கழிப்பறைக்கு நடையாய் நடக்க வேண்டும். இந்த வாரமே குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அவரிடம் சொல்லுங்கள். அது குடலில் கருப்பாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.