எங்கோ அழிந்த கிரகத்துக்காக ஏன் அழுகிறேன்?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 45. கணவர், கல்லூரியில் படிக்கும் மகள் ஆகியோருடன் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் பகுதியில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டித்தந்த லைன் வீடு ஒன்றில். அப்பா சுரங்கத் தொழிலாளி.

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடர்கள் என்றால் எனக்கு உயிர். 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ஐந்தாவது சீசனில், 1992இல் ஒளிபரப்பான 'தி இன்னர் லைட்' எபிசோடைச் சென்ற மாதம் பார்த்தேன். அன்றிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை.

கதை இதுதான். விண்கப்பலின் கேப்டன் பிகார்டை, வழியில் மிதந்துவரும் ஒரு சிறு கலத்தின் கதிர் தாக்குகிறது. மயங்கி விழும் அவர், காட்டான் என்ற கிரகத்தில் ரெசிக் என்ற ஊரில், கேமின் என்ற வேறொரு மனிதராகக் கண்விழிக்கிறார். மனைவி, பிள்ளைகள், உயிர் நண்பன், கையில் ஒரு குழல் என்று ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து கிழவராகிறார். ஊரில் மழை பொய்த்துக்கொண்டே போகிறது. அவர்களுடைய சூரியனே கிரகத்தை அழித்துக்கொண்டிருக்கிறது. அந்த மக்கள் மடிந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது கடைசியில்தான் தெரிகிறது. தங்களை ஒருவராவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் அனுப்பிவைத்த கலம் அது. பிகார்ட் விழித்தெழும்போது கப்பலில் அரை மணி நேரம்கூடக் கடந்திருக்கவில்லை.

கேமினும் மகள் மெரிபோரும் மண்ணை ஆராயும் காட்சியில்தான் நான் உடைந்துபோனேன். இந்த ஊருக்கு எதிர்காலம் இல்லை என்று இருவருக்குமே தெரியும். ஒருவர் மனம் நோகக் கூடாதென்று மற்றவர் மறைத்துவைத்திருக்கிறார்கள். உண்மை வெளிப்பட்டதும், எதையும் தள்ளிப்போடாமல் கல்யாணம் செய்துகொள், இருக்கும் நாளை வாழ்ந்துவிடு என்று மகளிடம் சொல்கிறார் கேமின்.

எங்கள் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதற்கு முன்பே ஒரு நாள் அப்பா, "நீ பெங்களூருக்குப் போய்விடும்மா. இங்கே இனி ஒன்றும் இல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் வந்துவிட்டேன். "பெங்களூரின் தெருக்களுக்கு 1905இல்தான் மின்விளக்கு வந்தது, சிவனசமுத்திரத்து மின்சாரம் நம் ஊருக்கு 1902இலேயே வந்துவிட்டது" என்று பெருமை பேசும் மனிதர் அவர். பூமிக்குள் பாறை வெடித்தால் எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் குலுங்கும். அம்மா வாசலுக்கு ஓடுவார். ஷிப்ட் முடிந்து அப்பாவின் தலை தெருமுனையில் தெரியும்வரை வீட்டில் யாரும் பேசமாட்டோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் நோயால் அப்பா இறந்தார். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரிக் கணக்கு, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அம்மா ஏற்கெனவே காலமாகிவிட்டார். அக்கா இன்னும் அதே லைன் வீட்டில் இருக்கிறாள். வா வா என்று கூப்பிடுகிறாள். கருமாதிக்குப் பிறகு நான் போகவில்லை. செத்துப்போன ஊரில் போய் எதைப் பார்ப்பது?

இப்போது எல்லாரும் தூங்கியபின் அந்த எபிசோடை மீண்டும் மீண்டும் போட்டு அழுகிறேன். "பழைய டிவி கதைக்கு யாராவது இப்படி அழுவார்களா?" என்கிறார் கணவர். பெற்ற அப்பாவுக்கு அழாதவள், கற்பனைக் கிரகத்துக்கு அழுகிறேன். எனக்கு மனநோயா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதில் மனநோய் என்று சொல்ல எதுவும் எனக்குத் தென்படவில்லை. அப்பாவுக்காக நீங்கள் அழவில்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். இந்த எபிசோடில் பலரைக் கலங்கவைப்பது முடிவில் பிகார்ட், அந்தக் கலத்துக்குள் கிடைத்த கேமினின் குழலை எடுத்து வாசிக்கும் இடம். நீங்களோ அதைப் பற்றி எழுதவே இல்லை. ஓர் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் இடத்தில் உடைந்திருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளாகத் தேங்கி நின்ற கண்ணீர் அது.

துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இழந்தவர் மனம் இரண்டு பக்கமும் போய் வருகிறது: ஒரு பக்கம் இழப்பு, மறுபக்கம் அன்றாடக் காரியங்கள். இப்படிப் போய் வருவதே ஆறும் வழி. சாவு வீட்டில் ஆம்புலன்ஸையும் சாப்பாட்டையும் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த வேலை உங்கள் தலையில் விழுந்தது. காரியம் முடிந்த பிறகும் நீங்கள் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டீர்கள்.

இரண்டாவது துக்கம் ஒன்றும் இருக்கிறது. மனிதர் இறந்தால் ஊர் கூடி வருகிறது, துக்கம் விசாரிக்கிறது, பதினாறாம் நாள் வரை உடன் நிற்கிறது. நூற்றிருபது ஆண்டுகளாக, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்த ஒரு சுரங்கத்தின் கதவு மூடப்பட்டபோது உங்கள் வீட்டுக்கு யார் துக்கம் விசாரிக்க வந்தார்கள்? இப்படிச் சமூகம் துக்கமென்றே ஒப்புக்கொள்ளாத இழப்புகளைப் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1989இல் ஒரு நூலே கொண்டுவந்தார். யாரும் கேட்காத துக்கம் கரைவதில்லை. உங்களுடையதை முதலில் கேட்டது அந்தக் கதை. அதனால் அதைப் பார்த்ததற்காக வெட்கப்படாதீர்கள்.

ஆனால் ஓரிடத்தில் உங்களோடு நான் கண்டிப்பாக முரண்படுகிறேன். ரெசிக்கில் ஒருவரும் மிச்சமில்லை. தங்கவயலில் உங்கள் அக்கா இருக்கிறார். அங்கிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள் ஏறிவரும் ரயில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கிருஷ்ணராஜபுரத்தில்தான் நின்று போகிறது. அவர்கள் ஊர் திரும்பி உலை வைக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். சுரங்கம் போய்விட்டது, ஊர் போகவில்லை. அதைச் செத்த ஊர் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு உங்கள் அக்காவின் நினைவுதான் வந்தது. அப்பாவை இழந்த மகள்கள் இருவர். ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

விட்டுவிட்டு வந்தோம் என்ற உறுத்தல் உங்கள் வரிகளுக்கு அடியில் இருக்கிறது. சுரங்கத்தின் ஆயுள் உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைக் கொண்டு அவரால் செய்ய முடிந்த பெரிய காரியம், உங்களை அங்கிருந்து அனுப்பியது. நீங்கள் வந்தது அவர் சொல்லைக் காப்பாற்றத்தான். இதை உங்கள் அக்காவிடமும் வாய்விட்டுப் பேசுங்கள். அவர் பக்கத்திலும் சொல்லப்படாதவை இருக்கும்.

கணவரிடம் எபிசோடைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தட்டுகள் குலுங்கியதையும் அம்மா வாசலுக்கு ஓடியதையும் எனக்கு எழுதினீர்களே, அவற்றை அவரிடமும் மகளிடமும் சொல்லியிருக்கிறீர்களா? அந்தத் தொடரின் ரசிகை என்பதால் உங்களுக்கு நினைவிருக்கும்: அடுத்த சீசனில் வரும் 'லெசன்ஸ்' எபிசோடில் பிகார்ட் அந்தக் குழலை இன்னொருவரோடு சேர்ந்து வாசிக்கிறார், அது எங்கிருந்து வந்தது என்று அவரிடம் மனம் திறக்கிறார். ஒரு வாழ்நாளைத் தனியே சுமந்தவர் செய்த மிக நல்ல காரியம் அதுதான் என்பது என் கருத்து. உங்கள் கணவர் கேலி செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. எதற்காக அழுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

எபிசோடைப் பார்ப்பதை நிறுத்தவேண்டியதில்லை. தூக்கத்தைக் கெடுத்துத் தனியாகப் பார்ப்பதை மட்டும் விடுங்கள். பகலில், முடிந்தால் மகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

பேசிய பிறகும் தூக்கமோ பசியோ திரும்பாமல் வாரக்கணக்கில் நீண்டால், வேலையில் கவனம் நிற்காவிட்டால், வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், தாமதிக்காமல் நேரில் ஆலோசனை பெறுங்கள். உங்கள் நகரத்திலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

அக்காவுக்கு இன்றே போன் செய்து, வரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லுங்கள். மகளையும் அழைத்துப் போங்கள். போய்வந்த பிறகு எனக்கு எழுதுங்கள்.